கன்னத்தில் ரிவிட்

காலை ஆறு நாற்பது. ஷெட்டின் கதவை மேலே தள்ளியதும் வெளியே நின்ற லாரியின் இடப்பக்கம் தெரிந்தது. அலுமினியத் தகடு. மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக ரிவிட்டுகள், தகட்டை இறுக்கிப் பிடிக்கும் குமிழ் ஆணிகள். வெயில் சாய்வாக விழுந்ததால் ஒவ்வொரு ரிவிட்டுக்கும் ஒரு சின்ன நிழல் இருந்தது.

எங்கள் ஷெட் கடலூரில், சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது. லாரிகளுக்கு ஒட்டும் படங்களை நான் வடிவமைத்து வினைல் தாளில் அச்சடிப்பேன். என் மனைவியின் தம்பி ஒட்டுவான். இந்தத் தொழிலுக்கு வரும் முன் பல வருடம் ஒரு நாளிதழில் பக்கம் அமைக்கும் வேலையில் இருந்தேன். நடுப்பக்கத்தின் மடிப்பில் யாருடைய முகமும் விழக்கூடாது என்பது அங்கே எங்களுக்கு இருந்த விதி. லாரியில் மடிப்புக்குப் பதில் ரிவிட் வரிசை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைய லாரியின் சொந்தக்காரர் சிதம்பரத்துக்காரர். வெகுகாலம் மற்றவர்களின் வண்டியை ஓட்டிவிட்டு, முதன்முதலாகத் தனக்கென்று ஒரு பழைய கண்டெய்னர் லாரியை வாங்கியிருந்தார். அன்று சனிக்கிழமை. சாயங்காலம் காடாம்புலியூரில் முந்திரிப் பருப்பு ஏற்ற வேண்டும். அதுதான் அந்த வண்டியின் முதல் லோடு. முந்தின நாளே வந்து கேபினில் படுத்துத் தூங்கியவர், நான் கதவைத் திறந்த சத்தத்தில் இறங்கி வந்து பல் துலக்கிக்கொண்டே தகட்டைத் தடவிப் பார்த்தார்.

வலப்பக்கத்துக்கு எழுத்துகள் மட்டும். இடப்பக்கத்துக்கு அவருடைய மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்ட அளவில் குண்டு எறிதலில் முதலாவதாக வந்து, கோப்பையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். லாரியில் பெற்ற பிள்ளையின் படம் போடுவது இங்கே புதிதில்லை. பெரும்பாலும் அது கைக்குழந்தையாக இருக்கும். மொட்டை அடித்த தலை, காதில் புதுத் தோடு, கன்னத்தில் மை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் முகம் எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

மகள் சுலபத்தில் சம்மதிக்கவில்லை என்று அவர் போனில் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாளாம். “மூஞ்சில இருக்கற பருவெல்லாம் எடுத்துடணுமாம் சார். வண்டி அவுங்க ஸ்கூல் எதிர்லதான நிக்கப் போவுது. கூடப் படிக்கறதுங்க சும்மா விடாதுன்றா.”

பருக்களை நான் கணினியில் ஒவ்வொன்றாக எடுத்தேன். கன்னம் இரண்டும் நெற்றியும் சுத்தமாயின. முகத்தை ரிவிட் வரிசைகளுக்கு நடுவில் வருகிற அளவில் வைத்து அவருக்கு அனுப்பினேன். கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றார். பெரிதாக்கினால் ரிவிட் முகத்தின் மேல் வரும் என்று சொன்னேன். பரவாயில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்றார். அவர் கேட்ட அளவிலேயே அச்சடித்தோம்.

ரிவிட் உள்ள தகட்டில் வினைல் ஒட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுப் படத்தை மேலோட்டமாக ஒட்ட வேண்டும். ரிவிட் இருக்கும் இடங்களில் அது கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கூடாரத்தின் ஓரத்திலும் ஊசியால் ஒரு துளை போட வேண்டும். பிறகு ஹீட் கன்னால் சூடு காட்டி, கெட்டியான வட்டப் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தட்டினால் உள்ளே இருக்கும் காற்று துளை வழியே வெளியேறி, வினைல் ரிவிட்டின் தலையோடு தலையாகப் படிந்துவிடும். துளை போடாவிட்டால் காற்று உள்ளேயே இருக்கும். வெயில் ஏற ஏற உப்பும்.

மச்சான் கீழிருந்து ஆரம்பித்தான். காலணி, பாவாடை, இடுப்பு, கோப்பை பிடித்த கை, கோப்பை. எல்லாம் தகட்டில் பெயின்ட் அடித்ததுபோலப் படிந்தன. கழுத்து முடிந்ததும் ஏணியில் நின்றபடியே ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டான்.

“மொகத்துல குத்த மாட்டேன் மாமா.”

அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாமி படம் வந்தால் முகத்தை ரிவிட்டுக்கு நடுவில் நகர்த்தித் தரச் சொல்லி என்னிடமே வாங்கிக்கொள்வான். சாமி முகத்தில் ஊசி இறங்கக் கூடாது. உயிரோடு இருக்கும் பிள்ளை என்றால் அதைவிடக் கூடாது. நான் லாரிக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் அதே எண்ணம்தான். “வேணாம் சார், பொம்பளப் புள்ள மூஞ்சி” என்றார். துளை போடாமலே மச்சான் முகத்தைச் சூடு காட்டித் தேய்த்து முடித்தான். தேய்த்த சூட்டில் நன்றாகத்தான் இருந்தது.

பதினோரு மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. முகத்தில் இருந்த ரிவிட்டுகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் வினைல் எழும்பி வந்தது. நெற்றியில் ஒரு வரிசை. இரண்டு கன்னங்களிலும் ஒவ்வொரு வரிசை. மோவாயில் ஒன்று தனியாக.

லாரிக்காரரின் மனைவியும் மகளும் அந்த நேரத்தில்தான் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முதல் லோடுக்கு முன் வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்று பூ, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் ஒரு கட்டைப்பையில் இருந்தன. அந்த அம்மா பையைக் கீழே வைக்காமலே படத்தைப் பார்த்தார்.

“இன்னாங்க இது? புள்ளைக்கு அம்ம போட்ட மாரி இருக்குது.”

மகள் உயரமான பெண், தோள்கள் அகலம். நெற்றியிலிருந்து மோவாய் வரை படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்.

“எனக்கு இருக்கறதவிட ஜாஸ்தியா இருக்கு. திங்கக்கெழம நான் ஸ்கூலுக்குப் போவல.”

கோபமாகச் சொல்லவில்லை. முடிவைத் தெரிவிக்கும் குரல் அது. லாரிக்காரர் உடனே, பிரித்துப் போட்டுவிடுங்கள் என்றார். பிரித்தால் அந்தப் பகுதி முழுவதும் போகும், மறுபடி அச்சடித்து ஒட்ட செவ்வாய்க்கிழமை ஆகும் என்று நான் விளக்கினேன். அப்படியானால் தலையில்லாமல் லோடுக்குப் போவதா என்று அந்த அம்மா கேட்டார். போனால் என்ன என்றார் அவர். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டை போட்டார்கள்.

மகள் அதைக் கவனிக்காமல் லாரியில் சாத்தியிருந்த ஏணியில் ஏறி, கோப்பை இருந்த இடத்தை விரலால் தடவினாள். அங்கேயும் ரிவிட் இருந்தது.

“கப்பு மேல மட்டும் எப்படிண்ணே அமுங்கி இருக்கு?”

மச்சான் ஊசி குத்தியிருந்த காலரைத் தொட்டுக் காட்டினான். அங்கே ஊசி போட்டதையும் முகத்தில் ஏன் போடவில்லை என்பதையும் சொன்னான். அவள் அவன் காலரைப் பார்த்தாள்.

“என் மூஞ்சிதான. குடுங்க, நான் குத்தறேன்.”

அவன் கொடுக்கவில்லை. லாரிக்காரர் சண்டையை விட்டுவிட்டு ஓடி வந்து, வேணாம் பாப்பா, அப்படியெல்லாம் செய்யக் கூடாது என்றார். அந்த அம்மாதான் முடித்துவைத்தார்.

“குத்தட்டும் வுடுங்க. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னுகினு தெனம் அதத்தான பண்றா.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் காது சிவந்தது. மச்சான் ஊசியை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கொடுத்தான். ஏணியின் கீழே நான் பிடித்துக்கொண்டேன். முதல் ரிவிட்டில் எங்கே குத்த வேண்டும் என்று அவனிடம் கேட்டாள். ஓரத்தில், சாய்வாக, கொஞ்சமாக என்றான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நெற்றியை முடித்து இடது கன்னத்துக்கு வந்தாள். அவள் துளை போட்டதும், அடுத்த ஏணியில் நின்ற மச்சான் சூடு காட்டிப் பிரஷ்ஷால் தட்டினான். ஒவ்வொரு வீக்கமும் ரிவிட்டின் அளவுக்கு இறங்கியது.

லாரிக்காரர் அந்தப் பக்கம் நிற்கவே இல்லை. வண்டியைச் சுற்றிப் போய் வலப்பக்க டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மோவாய்க்கு வந்தபோது அவள் பிரஷ்ஷையும் கேட்டு வாங்கித் தானே தட்டினாள்.

இறங்கியதும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். நடுவில் ஒரு பஸ் போனது. திரும்பி வந்தாள்.

“அங்கருந்து தெரியல. பக்கத்துல வந்தா தெரியுது.”

“பக்கத்துல யாரு பாப்பா வரப் போறாங்க” என்றார் அவள் அப்பா. அவள் ஊசியை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தாள்.

பூஜை போட்டார்கள். பூசணிக்காயை அந்த அம்மாவே சுற்றி உடைத்தார். முன் சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார் லாரிக்காரர். மனைவியையும் மகளையும் பஸ் ஏற்றிவிட்டு நான்கு மணிக்குக் காடாம்புலியூருக்குப் புறப்பட்டார்.

என் வீடு சிதம்பரத்தில். திங்கட்கிழமை காலை கடலூர் பஸ்ஸைப் பிடிக்க அந்தப் பள்ளிக்கூடச் சந்து வழியாகப் போனேன். பள்ளிக்கு எதிரே மற்ற லாரிகள் எல்லாம் நேராக நுழைந்து நின்றிருந்தன. லோடை இறக்கிவிட்டு வந்த அவருடைய லாரி மட்டும் சந்தின் முனையிலிருந்தே ரிவர்ஸில் வந்து நின்றிருந்தது. எழுத்துகள் மட்டும் உள்ள வலப்பக்கம் பள்ளி வாசலைப் பார்த்து இருந்தது.