கேட்காமல் தூக்கிய கைகள்

ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததற்கு அடுத்த வருடம், நாங்கள் நியூசிலாந்துக்குக் குடிபெயர ஒரு மாதம் இருந்தபோது, ரக்கிரக்கிக்கு மேலே உள்ள ஒரு மலைக் கிராமத்தில் இது நடந்தது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

என் கணவர் நாடி விமான நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஏழெட்டுப் பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு நான்கு நாட்களில் தீவைச் சுற்றிக் காட்டுவார்கள். மலை ஏறலாம், மூங்கில் தெப்பத்தில் ஆற்றில் போகலாம், கிராமத்து வீடுகளில் தங்கலாம். கவிழ்ப்பையொட்டி நடந்த கலவரத்துக்குப் பிறகு வெளிநாட்டார் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. அந்தப் பயணத்துக்கு நியூசிலாந்திலிருந்து வயதான தம்பதி மட்டுமே வந்திருந்தார்கள். வேன் காலியாகத்தானே போகிறது, உன் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போ என்று முதலாளி என் கணவரிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு விருப்பமில்லை. "நாலு தலைமுறையா இந்தத் தீவுல இருக்கோம். மலைக்கு அந்தாண்ட என்னா இருக்குதுன்னு நீ பாத்ததே கெடையாது. பாக்காமலே போயிடலாமா?" என்றார் என் கணவர். நான் மூட்டை கட்டத் தொடங்கினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், இரண்டு வகைக் காய்ச்சல் மருந்து, கொசுவலை, பிஸ்கட், மாற்றுத் துணி என்று பைகள் பெருகிக்கொண்டே போயின. "நாலு நாளுக்குத்தானே? இல்ல, இப்படியே ப்ளேன் ஏறிடப் போறோமா?" என்று கேலி செய்தார்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. கலவர நாட்களில் கிழக்குப் பக்கத்தில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் பண்ணை வீடுகளில் பூர்வகுடி ஃபிஜியர் சிலர் புகுந்து மாடு, பாத்திரம், தையல் மெஷின் வரைக்கும் எடுத்துப் போனார்கள். அப்படி எல்லாவற்றையும் பறிகொடுத்து ஓடிவந்த என் பெரியம்மா மகள் குடும்பம் எங்கள் ஊரான வரதோலியில், வீட்டுக் கூடத்தில் மூன்று வாரம் படுத்திருந்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் ஒரு ஃபிஜியப் பெண்தான் இருந்தாள். தினமும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஆனாலும் ஒரு ஃபிஜியக் கிராமத்துக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

இரண்டாம் நாள் காலை, பெரிய சாலையை விட்டு வேன் மலைமேல் ஏறியது. ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒரே ஆள்தான். ஃபிஜியர். எங்களோடு சரளமாக இந்தி பேசுவார். என்னை 'பௌஜி' என்று அழைத்தார், அண்ணி என்று பொருள். கிராமத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தொப்பியைக் கழற்ற வேண்டும். பையைத் தோளில் மாட்டக் கூடாது, கையில் பிடிக்க வேண்டும். முதலில் ஊர்த் தலைவருக்கு ஒரு கட்டு யாங்கோனா வேர் கொடுத்து உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அந்த வேரை நாங்கள் கிராக் என்போம். கிண்ணம் சுற்றி வரும்போது யாரும் எழுந்து போகக் கூடாது. நான் எல்லாவற்றையும் பாடம் போல மனத்தில் எழுதிக்கொண்டேன்.

தலைவர் வீட்டில் பாயில் உட்கார்ந்தோம். என் மகள் மடியில் நெளிந்தாள். பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கிண்ணம் அப்போதுதான் சுற்றத் தொடங்கியிருந்தது. எழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. நான் எழவில்லை. கதவைப் பார்த்தபடியே, ஒவ்வொருவர் குடிக்கும்போதும் மற்றவர்களோடு முறைப்படி கை தட்டிக்கொண்டு அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். நான் எப்படிப்பட்ட தாய் என்று இன்றைக்கும் அந்த அரைமணியை நினைத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

முடிந்ததும் வெளியே ஓடினேன். யாரும் இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எட்டிப் பார்த்தேன். வீடுகளுக்குப் பின்னால் ஆறு ஓடியது. ஆற்றங்கரையில் ஒரு எலுமிச்சைச் செடிமேல் என் மகளின் மஞ்சள் கவுன், சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

நான் கத்தினேன். ஊரே கூடியது. அவர்களுக்குப் புரியும்படி இந்தியிலேயே கத்தினேன். "எங்க வீடுகள்ல புகுந்து எடுத்துட்டுப் போனதெல்லாம் பத்தலையா? இப்ப எம்புள்ளையுமா வேணும்?"

நான் சொல்லி முடிக்கவும் அந்தப் பெண் மூன்றாவது வீட்டிலிருந்து வந்தாள். இடுப்பில் என் மகள். வேறு யாருடைய சட்டையோ போட்டு, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிச் சீவி, வாய் நிறைய மரவள்ளிக் கிழங்கு. மலைப்பாதையில் வேன் குலுங்கியதில் பிள்ளைக்கு வயிறு புரட்டியிருக்கிறது. வெளியே தூக்கிப் போனதும் வாந்தி எடுத்திருக்கிறாள். அந்தப் பெண் அவளைக் குளிப்பாட்டி, கவுனை அலசிக் காயப்போட்டு, சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்து போனார்கள்.

எந்தத் தாயாக இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பாள் என்று நியூசிலாந்து அம்மா என் தோளைத் தடவினார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன். வழிகாட்டி விடவில்லை.

"பௌஜி, இங்க சாரி சொன்னா முடியாது. கொடுத்துத்தான் மன்னிப்புக் கேக்கணும். நாளைக்குப் போற ஊருக்கு வச்சிருக்கிற வேர்க்கட்டு ஒண்ணு வேன்ல இருக்கு."

"நா போய்ப் பேசறேன்," என்றார் என் கணவர்.

"பேசினது நான்," என்றேன். வழக்கமாக ஆண்கள்தான் கொடுப்பார்களாம். வழிகாட்டி தலைவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, சரி என்றார்.

அவள் வீட்டு வாசலுக்குள் தரையில் உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்துத் தலை குனிந்தேன். வழிகாட்டி எனக்காக அவர்கள் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். பிறகு என் முறை. மனத்துக்குள் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "பயத்துல சொல்லிட்டேன். எம்புள்ளைய நீ நல்லாப் பாத்துக்கிட்ட, நான் ஒன்னைத் திருடின்னு சொல்லிட்டேன்," என்றேன்.

அவள் வேர்க்கட்டைப் பார்த்தாள். அவள் மடியில் அவளுடைய கைக்குழந்தை. பிறகு இந்தியில் சொன்னாள். "வீடுகள்ல புகுந்து எடுத்தாங்க. அது பொய்யில்ல. இந்த ஊர்க்காரங்க இல்ல, ஆனாலும் எடுத்தாங்க. நானும் ஒன்னைக் கேக்காம தூக்கிட்டுப் போயிட்டேன். வந்தவ களைச்சிருந்தா பிள்ளைய வாங்கிக்கணும். எங்களுக்குக் கேக்கத் தோணாது. ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் கையை நீட்டி வேரைத் தொட்டாள். சுற்றி இருந்தவர்கள் உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை தட்டினார்கள். ஏற்றுக்கொண்டாள், முடிந்தது என்று வழிகாட்டி கண்ணைக் காட்டினார்.

"குலுங்கற ரோட்டுல பிள்ளைக்கு பிஸ்கட்டா குடுப்ப? எத்தன குடுத்த?" என்று கேட்டாள்.

"ஆறு," என்றேன்.

"ஆறாம்," என்று பின்னால் இருந்த பெண்களிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு.

மற்றவர்கள் அருவி பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. அந்த வீட்டுப் பாயிலேயே கிடந்தேன். என் மகள் கை மாறி, வீடு மாறி எங்கேயோ போனாள். நான் தேடவில்லை. கலவரம் தொடங்கிய நாளிலிருந்து பகலில் நான் கண்ணை மூடியது அன்றைக்குத்தான். எழுந்தபோது அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நாட்டை விட்டுப் போவதை வழிகாட்டி அவளிடம் சொல்லியிருந்தார்.

"எப்ப போறீங்க?"

"அடுத்த மாசம்."

"அங்க ஒனக்கு யாரு இருக்காங்க? பிள்ளைய யாரு தூக்குவா?"

பழகிக்கொள்வோம் என்றோ என்னவோ சொன்னேன்.

ஆக்லாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே எல்லோரும் மரியாதையானவர்கள், தொடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் குழந்தையின் விரலையே தொடுவார்கள். அதுதான் சரி என்று என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் சென்ற வருடம் பிறந்த என் மகனை இன்றுவரை யாரும் என் மடியிலிருந்து கேட்காமல் எடுத்ததில்லை. அவனைச் சுமந்து சுமந்து கை கடுத்துப்போகும் பிற்பகல்களில், யாராவது ஒருத்தி ஒரு வார்த்தையும் கேட்காமல் வந்து தூக்கிக்கொண்டு போய்விட மாட்டாளா என்று கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.