கல்சியம் குறைந்த அறை

கடல் தொட்டி வாங்குகிறவர்களுக்கு மீன் செத்தால் கவலை. அதைப் பராமரிக்கப் போகிற எங்களுக்குத் தண்ணீரில் கல்சியம் குறைந்தால் கவலை. வீட்டில் பவளம் வளர்த்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். இரத்தினபுரி மீன் கடையில் நான் வேலை செய்தபோது, பக்கத்து ஊரான குருவிட்டவில் ஒரு மாணிக்க வியாபாரி ஆசையாகத் தொட்டி வாங்கினார். தண்ணீர் நிரப்பிய மாதமே மௌத்தாகிவிட்டார். தொட்டி அவருடைய அறையிலேயே இருந்தது. அவர் இறந்தபின் வீட்டில் மிச்சமிருந்தவர் அவர் மனைவி ஹலீமா உம்மா மட்டும்.

யார் தின்றது?

உள்ளே கடற்கற்களும், சில மீன்களும், விரல் நீளத்தில் இரண்டு பவளமும்தான். கல்சியம் ஏற வாராவாரம் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக இறங்க வைத்துவிட்டு வருவேன். லீட்டருக்கு நானூறு மில்லிகிராமுக்கு மேல் நிற்க வேண்டிய கல்சியம், அடுத்த வாரம் முந்நூறுக்குக் கீழே கிடக்கும். பவளமோ நக அளவுகூட வளரவில்லை. கடை முதலாளி சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார்; தம்பி என்பதை மட்டும் 'மல்லி' என்பார். விஷயத்தைச் சொன்னேன். மீன் வலையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"திங்கிறது யாருன்னு தெரியாம சோறு கூட்டி வைக்காத, மல்லி."

பால் போல

ஒரு மழை நாள் மத்தியானம் போனேன். தொட்டி முழுக்கப் பால் நிறம். மீன் ஒன்று கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கியது. கட்டில் மேல் காலியான மாத்திரைப் போத்தல். பதறிப்போய்த் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தேன். உம்மா வாசலில் நின்றார்.

"கல்சியம் பத்தாதுன்னு நீங்கதானே மகன் சொன்னீங்க. டொக்டர் அவருக்கும் அதத்தான் சொன்னாரு. அவரு குடிக்காம உட்ட குளிசையெல்லாம் இடிச்சிப் போட்டேன்."

கல்லுக்குப் பின்னால்

சுத்தம் பண்ணக் கற்களை வெளியே எடுத்தேன். பின்பக்கம் முழுவதும் எலும்பு மாதிரி வெள்ளைக் குழாய்கள் பின்னிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு இழை. என் நிழல் பட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டன. கல்சியத்தால் ஓடு கட்டுகிற புழுக்கள். கல்சியத்தைத் தின்றது அவைதான். ஒரு பொந்தில் கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடும் இறாலும் இருந்தது. புழுக்களைச் சுரண்டிப் போட்டு, மீனை அடித்துவிடும் என்று இறாலைப் போத்தலில் பிடித்துக் கடைக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த வாரம் கல்சியம் அசையாமல் நின்றது. சந்தோஷமாகச் சொன்னேன். உம்மா தொட்டியைப் பார்க்கவே இல்லை.

"தட்டுற சத்தம் நிண்டு போச்சி, மகன். அவரு கட்டில்ல தட்டிக் கூப்புடுற மாதிரியே கேட்டுது. கொண்டுபோனதக் கொண்டாந்து தாங்க."

போத்தல் கையில் இருந்தபோது

கொண்டுபோனேன். தொட்டி மூடியை இன்னும் திறக்கவில்லை. இறால் போத்தல் என் கையில். டொக், டொக். கட்டில் தலைமாட்டுப் பக்கமிருந்து வந்த மாதிரி இருந்தது. போத்தலைப் பார்த்தேன். இறால் அசையாமல் கிடந்தது. குசினி அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது, சாதாரணமாக:

"வாறேன், வாறேன். இந்தப் புள்ளயும் வந்தீக்குது, ரெண்டு பேருக்கும் சேத்தே தேத்தண்ணி ஊத்துறேன்."

அதுவரை வேலைச் செருப்போடு போய்வந்த அந்த அறைக்குள், அன்றிலிருந்து ஆள் இருக்கிற அறை போல, நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். உப்புத் தண்ணீரில் செருப்பு கெட்டுப்போகும் என்று முதலாளியிடம் சொல்லிவைத்தேன்.