அம்மணியின் பாகம்

அம்மணி அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். இல்லைதான். அவரைத் திருடி என்று காகிதத்தில் ஏற்ற வழி செய்தவன் நான். ஆனாலும் வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

1986-ல் மேற்குத் தாம்பரத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, தொல்பொருள் பதிவு அலுவலகம் ஒன்று இருந்தது. இரண்டு அறை, ஒரு டைப்ரைட்டர், பாதி நாள் ஒர்க்ஷாப்பில் கிடக்கும் ஒரு ஜீப். அதில் நான் எழுத்தர். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் முதுமக்கள் தாழி உடைந்து வரும் காலம் அது. யார் வந்து என்ன கிடைத்தது என்று சொன்னாலும் அச்சடித்த படிவத்தில் நான் பூர்த்தி செய்ய வேண்டும். பொருள், எண்ணிக்கை, நிலை என்று மூன்று கட்டங்கள். அந்த மூன்று கட்டங்களுக்குள் உலகமே அடங்கிவிடும் என்று நம்பினேன். இருபத்தேழு வயதில் அப்படித்தான் தோன்றும்.

அம்மணி அக்கா கோவளத்துக்கு இந்தப் பக்கம் பனையடிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்பவர். காலை முதல் பஸ்ஸில் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், கட்டையான உடம்பு. கழுத்தில் ஜெபமாலை. எங்கள் போர்டை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். கூடையைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"பழைய சாமான் கெடச்சா இங்கதான் சொல்லணுமா தம்பி?"

"ஆமாங்க. என்ன கிடைச்சது?"

"எங்க குப்பத்துல கடலு மேட்ட அறுத்துகினே வருது. அதுல ஒரு கெணறு தெரியுது. சுட்ட மண்ணுல வளையம் வளையமா செஞ்சு அடுக்கின கெணறு. மேல் வளையத்துல கயிறு தேஞ்ச தடம் அப்படியே கீது. எந்தக் காலத்துலயோ எவளோ ஒருத்தி தண்ணி மொண்டுகினு இருந்திருக்கா. அவ பேரு யாருக்கும் தெரியாது. கெணறாச்சும் இருந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா? கடலு எடுத்துகினு போறதுக்கு முன்ன ஒருத்தராச்சும் வந்து பாருங்க."

அவர் கேட்டது இவ்வளவுதான். அடுத்த மூன்று வருடமும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

"எவ்வளவு இருக்கு?" என்றேன், எண்ணிக்கைக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு.

"இன்னிக்குப் பன்னெண்டு பாகம் கீது."

பன்னிரண்டு என்று எழுதினேன்.

இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் இரும்புலியூரில் நிலம் வைத்திருந்தவர்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்து நிலத்துக்கு மவுசு வந்ததிலிருந்து அப்பாவும் சித்தப்பாக்களும் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். காலையில் கண் விழித்தால் வீட்டில் கேட்கிற முதல் சொல்லே பாகம்தான். என் பாகம், உன் பாகம், மூத்தவன் பாகம். பாகம் என்றால் ஒன்றை வெட்டினால் கிடைக்கும் துண்டு. எனக்கு வேறு பொருள் தெரியாது. இன்னொரு பொருள் இருக்கக்கூடும் என்ற சந்தேகம்கூட வந்ததில்லை. கிணறு உடைந்து பன்னிரண்டு துண்டாகக் கிடக்கிறது என்று நானே முடிவுகட்டி, பொருள் என்ற இடத்தில் 'உறைகிணற்று ஓடுகள்', நிலை என்ற இடத்தில் 'உடைந்தவை' என்று எழுதி முடித்தேன்.

எங்கள் அலுவலர் பத்ரிநாராயணன் சார் அதைப் பார்த்தார். நேர்மையான மனிதர், கறாரானவர். "கடற்கரையில உடைஞ்ச ஓட்டுக்கா பஞ்சம்? ஜீப் வரட்டும், பாக்கலாம்" என்றார். ஜீப் வந்தபோதெல்லாம் அதைவிட அவசரமான வேறு இடம் இருந்தது.

அம்மணி அக்கா விடவில்லை. அமாவாசை அலை அடித்து ஓய்ந்ததும் ஒரு தடவை வருவார். படியேறி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொல்வார். "பதினொண்ணு கீது தம்பி." மாசியில் வந்து, "ஒம்போது பாகம்." அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு, "ஏழு. சீக்கிரம் வரச் சொல்லு." நான் ஒவ்வொரு தடவையும் புதுப் படிவம் எடுத்து எழுதினேன். எழுத்து மட்டும் மணிமணியாக இருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

1988 கார்த்திகையில் நாலு என்றார். அன்றைக்குத்தான் பத்ரிநாராயணன் சார் எல்லாப் படிவங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"சம்பத், பன்னிரண்டு எப்படி நாலாச்சு?"

"கடல் அரிக்குதுன்னு சொல்றாங்க சார்."

"அரிச்சா உள்ள இருக்கறது வெளிய வரும். ஓடு கூடணுமே தவிர எப்படிக் குறையும்? குறையுதுன்னா யாரோ கை வைக்கறாங்க." சற்று யோசித்துவிட்டு, "வந்து சொல்றவங்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்படணும்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். பழம்பொருட்கள் அகற்றப்படுவதாகத் தெரிகிறது, தகவல் தரும் அம்மணி என்பவரையும் விசாரிக்கவும் என்று அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம். டைப் அடிக்கும்போது மனசு கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலோடேயே உறையில் போட்டு ஒட்டினேன்.

பத்து நாள் கழித்து அம்மணி அக்கா வந்தார். அன்றைக்குக் கூடை இல்லை. பாதிப் படி ஏறியவர், அதற்குமேல் வராமல் அங்கேயே நின்று என்னைக் கூப்பிட்டார். நான் இறங்கிப் போனேன்.

"நான் திருடிக்கினு போறேன்னு நீயா தம்பி எழுதிக் குடுத்தே?"

நான் இன்னும் ஒரு படி இறங்கினேன்.

"ஞாயித்துக்கிழம, பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்ற நேரம். ரெண்டு போலீஸ்காரங்க வந்து வூட்டுல பூந்தாங்க. கடலு ஒதுக்கிப் போட்ட சில்லுங்கள நான் ஒரு பிஸ்கட் டின்னுல போட்டு வச்சிருந்தேன், உங்க கையில குடுக்கலாம்னு. அத மணல்ல கொட்டி, இன்னும் எங்க வச்சிருக்கேன்னு கேட்டாங்க. மாதா சொரூபம் வச்சிருக்கற கெபிக்கு எதிர்லயே. என் மருமவ பாத்துகினு நிக்கறா." குரல் உயரவே இல்லை. "நான் இன்னா தப்பு சொன்னேன்?"

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் வாதாடினேன். "நீங்கதானே அக்கா சொன்னீங்க? முதல்ல பன்னிரண்டு பாகம், இப்ப நாலு. மிச்சம் எட்டுத் துண்டு எங்க?"

"துண்டா? இன்னா துண்டு?"

"பாகம்னு சொன்னீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். சின்னக் குழந்தையிடம் ஏமாந்துபோனவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு அந்தப் படிக்கட்டில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக விரித்தார். இடது கை விரல் ஒரு சுவரைத் தொட்டது. வலது கைக்கும் இன்னொரு சுவருக்கும் நடுவே ஒரு சாண் மிச்சமிருந்தது.

"இது ஒரு பாகம். வலைக்கும் இதான் அளவு, கயித்துக்கும் இதான், ஆழத்துக்கும் இதான். கெணத்துக்கும் அலைக்கும் நடுவுல இந்த மாதிரி பன்னெண்டு இருந்துச்சு. ஒவ்வொரு அமாவாசைக்கும் மணல்ல குனிஞ்சு குனிஞ்சு அளந்து வந்து உன்னாண்ட சொன்னேன். நேத்து அளந்தேன். ரெண்டு கீது."

கைகளை இறக்காமல் அப்படியே நின்றார். மூன்று வருடமாகக் கடல் எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று ஒருவர் அடி தவறாமல் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அதை உடைந்த ஓட்டின் எண்ணிக்கை என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மேலே ஓடினேன். பத்ரிநாராயணன் சார் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். படிக்கட்டுக்கு வந்து, "கிணறு முழுசா நிக்குதாம்மா?" என்றார்.

"ஒம்போது வளையம். ஒண்ணு மேல ஒண்ணு. அடியில தண்ணி கூட கீது."

மறுநாள் ஜீப்புக்குக் காத்திராமல் பஸ்ஸிலேயே போனோம். கடல் வெட்டிவிட்ட மணல் மேட்டின் விளிம்பில், பாதி புதைந்தும் பாதி தெரிந்தும் அந்தக் கிணறு நின்றிருந்தது. உடையாத ஒன்பது உறைகள். மேல் உறையின் விளிம்பில் விரல் நுழைகிற அளவுக்கு ஐந்து பள்ளங்கள், கயிறு தேய்த்தவை. அம்மணி அக்கா ஒரு டப்பாவில் தண்ணீர் மொண்டு சாரிடம் நீட்டினார். வெளியில் எங்கேயும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் சார். வாங்கி முழுவதும் குடித்தார். உப்பே இல்லை என்றார். பிறகு தன் கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அக்கா, "வேலையப் பாருங்க, தண்ணி ஏறும்" என்றார்.

இரண்டு நாள் வேலை செய்தோம். படம் எடுத்தோம், நாடா பிடித்து அளந்தோம், வரைந்தோம். அக்கா மூன்று வருட அளவுகளையும் மாதம் தவறாமல் மனப்பாடமாகச் சொன்னார். கடல் எந்த மாதம் எங்கே இருந்தது என்று படத்தில் கோடு கோடாக ஏறியது. இப்படி ஒரு பதிவு இந்தக் கரையில் வேறு யாரிடமும் தனக்குக் கிடைத்ததில்லை என்றார் சார்.

"ஒரு பாகத்துக்கு ஆறடின்னு போட்டுக்கோ சம்பத்" என்றார்.

"என் கைக்கு நீங்க ஏன் சார் நீளம் ஏத்தறீங்க? ஆறடிக்கு நான் எங்க போவேன்?" என்றார் அக்கா. போலீஸ் வந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். மணலில் நின்று கைகளை விரித்தார். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை நாடாவைப் பிடித்தேன். மீன் முள் கீறிக் கீறித் தடித்த விரல்கள். ஐந்தடி ஓரங்குலம். படத்தின் மூலையில், 1 பாகம் = 155 செ.மீ. என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் போனபோது விளிம்பு சரிந்திருந்தது. முந்தின நாள் மாலையே குப்பத்துப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து, வலையில் கட்டி, மேல் உறையைத் தூக்கிப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்திருந்தார்கள். மிச்சம் எட்டும் போயிற்று. முறையாகத் தோண்டியிருந்தால் சுற்றிலும் என்னென்ன இருந்திருக்கும் என்று இனி யாருக்கும் தெரியாது. முதல் படிவத்தை நான் சரியாக எழுதியிருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்திருக்கும். இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் உண்மை மாறாது.

அம்மணி அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேள, நாலு பேரு பாத்தாச்சு" என்றார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

உறையைத் தாம்பரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் பிடிவாதமாக இருந்தார். அது பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. கோவளத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தால், கயிற்றுத் தடத்தில் அவர்கள் விரலை வைக்கச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார். காவல் நிலையத்துக்கு சார் இன்னொரு கடிதம் போட்டார், தகவல் தவறு என்று. முதல் கடிதத்தின் நகலை ஃபைலிலிருந்து கிழித்துவிடலாமா என்று அக்காவிடமே கேட்டேன். "கிழிச்சா மட்டும் அன்னிக்கு மணல்ல கொட்டினது இல்லேன்னு ஆயிடுமா தம்பி? இருக்கட்டும்" என்றார்.

1996-ல் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். பெட்டியில் கைகளை மார்பின் மேல் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். அந்தக் கைகள் மடங்கியிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, பழைய வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற யூனிஸ் என்ற பெண் வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி. ஒருநாள் பனையடிக்குப்பம் படத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு. கடற்கரைப் பக்கம் பாகம்னா ஆறடி, நூத்தி எண்பத்து மூணு செ.மீ. நான் விசாரிச்சுட்டேன். இங்க நூத்தி ஐம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. திருத்திடட்டுமா?"

பாகத்துக்குப் பொருள் தெரிந்த ஒருத்தி கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் திருத்தினால் கடலைக் காட்டும் கோடுகள் எல்லாம் நகரும், கடல் இல்லாத இடத்தில் இருந்ததாக ஆகிவிடும்.

"வேண்டாம்மா, சரியாத்தான் இருக்கு."

"அப்ப இது யாரோட பாகம் சார்?"

பேனாவை எடுத்து, பத்து வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியதை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினேன். அம்மணி, மீன் விற்பவர், பனையடிக்குப்பம். அதே ஃபைலில் இருபது தாள் முன்னால் அவர் பெயர் இன்னொரு முறை இருக்கிறது, போலீஸுக்குப் போன கடிதத்தின் நகலில், என் டைப்பில். இரண்டையும் யூனிஸிடம் காட்டிவிட்டு, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன்.