கீழாநெல்லியை நம்பிக் குடித்தவரும் ஆத்தாவின் காப்பும்

ஆத்தாவை நம்பிப் பிழைக்கிற என் சொந்தங்களே, நான் கோமதி. நன்னிலம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். என் வீட்டுக்காரர் சாகக் கிடந்த கதையைச் சொல்கிறேன்.

தை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அவருக்குக் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ரத்த வாந்தி வந்தது. பல வருடக் குடி. ஆனால் அதுவரை மனுஷனுக்குப் பயமே இல்லை. எங்கள் வரப்பில் கீழாநெல்லி தானாக முளைக்கும். காலையில் அதை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பார், சாயங்காலம் சாராயக் கடைக்குப் போவார். கேட்டால், "ஈரலுக்கு வேலி போட்டாச்சு கோமதி, நீ ஏன் கத்துற?" என்பார். எங்கள் பக்கம் குடிக்கிறவர்களில் பலருக்கு இந்தத் தைரியம் உண்டு. பச்சிலை உள்ளே போனதும் ஒரு கிளாஸ் கூடுதலாகவே ஊற்றிக்கொள்வார்கள். நல்ல கூத்து!

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "கீழாநெல்லியில இருக்கற ஆன்டிஆக்ஸிடன்ட் ஈரலைக் காக்குமான்னு ஆராய்ச்சி பண்றாங்கம்மா. ஆனா தினம் சாராயம் உள்ள போனா எந்த இலை தாங்கும்? இவருக்கு ஈரல் சுருங்கிப் போச்சு. அது பழையபடி ஆகாது. இனி குடிச்சா உயிருக்கு நான் பொறுப்பில்ல. பச்சிலையும் எங்களைக் கேக்காம குடுக்காதீங்க."

நான் அழுதேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, வயிறு கொஞ்சம் வற்றியதும் கம்பை ஊன்றிக்கொண்டு வயலுக்குப் போனார். திரும்பும்போது கை நிறையக் கீழாநெல்லி. "இதை அரைச்சு வை" என்றார். காலையில் அரைத்தால் சாயங்காலம் கடை என்றுதானே அர்த்தம்! போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றியது.

மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். "உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? ஈரலைக் குடுன்னு இனிக் கேக்க மாட்டேன். அந்த ஆசையை மட்டும் அவர்கிட்டேர்ந்து புடுங்கிடு. முடியலைன்னா என்னையும் சேர்த்துக் கொண்டுபோ!" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இலையை நான் வாய்க்காலில் வீசினேன் என்று என்னோடு பேச்சையே நிறுத்தினார்.

பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. காப்புக் கயிறு கட்டியவர் அது அவிழும்வரை சாராயத்தைத் தொடக்கூடாது. அதற்குப் பயந்தே வருடாவருடம் ஊரைவிட்டு ஓடுகிறவர், அன்று தானாக வந்து கையை நீட்டினார். நான் நம்பவில்லை.

பூசாரி கயிற்றைக் கொடுக்கவில்லை. "குடிக்கிற கைக்கு இது வேணாம்ப்பா. ஆத்தா சும்மா விடமாட்டா."

"அதுக்குத்தாங்க கட்டச் சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு. என்னால தனியா முடியலை" என்று ஊர் முன்னால் அழுதார். பூசாரி கட்டினார். நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அவர் பிழைத்துவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். கால் வீங்குகிறது, சோறு இறங்கவில்லை. எத்தனை நாளோ, ஆத்தாவுக்கே வெளிச்சம். ஆனாலும் தெளிந்த கண்ணோடு என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்கிற புருஷன் எனக்குக் கிடைத்திருக்கிறார். அதற்கே அவள் காலில் விழுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இலையை நம்பிக் குடிப்பவர் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆத்தாவிடமும் போங்கள். அழுது கேளுங்கள், திட்டியும் கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்தத் திருவிழா முடிந்த அன்று எல்லோருக்கும் காப்பு அவிழ்த்தார்கள். "முடிஞ்சிருச்சுப்பா, கையைக் காட்டு" என்றார் பூசாரி. இவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னும் முடியலைங்க. இருக்கட்டும்."