கன்ஹேரியில் ஒரு கை தண்ணீர்

கார்லா, பாஜா, அஜந்தா என்று மலையைக் குடைந்து புத்தரை வைத்த இடங்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். தனியாகத்தான். யாரையும் கூட அழைக்காததற்குக் காரணம் கன்ஹேரி.

அறுபதுகளின் தொடக்கம். மாதுங்காவில் குடியிருந்தேன். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன் தாராவிவாசி, திருநெல்வேலிப் பக்கம். அவன் அப்பா தோல் பதனிடும் கொட்டகையில் உழைத்தவர். ஊரில் எங்கள் தெருவுக்குள் அவர்களை விட்டதில்லை. பம்பாய்க்கு வந்தபின் குடும்பமே பௌத்தத்துக்கு மாறியிருந்தது. மதியத்தில் இருவரும் டப்பாவைப் பகிர்ந்து சாப்பிடுவோம். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

கன்ஹேரியைக் காட்டுகிறேன், மதினியையும் கூட்டி வாரும் என்று அவன்தான் அழைத்தான். அவன் என்ன சாதி என்று என் மனைவியிடம் நான் சொல்லியிருக்கவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை, அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன்.

போரிவலியில் இறங்கிக் குதிரைவண்டியில் பாதி வழி, நடந்து மீதி. வெயிலில் கரும்பாறை காலைச் சுட்டது. பெரிய குகை வாசலில் மூன்று ஆள் உயரத்துக்குப் புத்தர் நின்றார். உள்ளே வரிசைத் தூண்கள், கோடியில் கல் ஸ்தூபி, ஆயிரம் வருஷத்துக் குளிர்ச்சி. பெருமாளின் அவதாரம்தானே என்று என் மனைவி கற்பூரம் ஏற்றினாள். அவன் தடுக்கவில்லை. மண்டியிட்டுப் பாலி மொழியில் மெதுவாக ஓதினான். குரல் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்தது. இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று அவள் ஆச்சரியமாகக் கேட்க, அவன் அப்பாவின் வேலையையும் மதம் மாறியதையும் ஒளிக்காமல் சொன்னான். அதன்பின் சாப்பாடு முடியும்வரை அவள் அவனோடு பேசவில்லை.

இலைகளில் புளியோதரை பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் கூஜாவைத் திறந்தாள். அதன் மூடிதான் டம்ளர். எனக்கு அதில் ஊற்றித் தந்தாள். அவன் பக்கம் திரும்பி மரியாதையாகவே சொன்னாள்.

"கையை ஏந்திக்கோங்கோ."

அவன் என்னைப் பார்த்தான். டம்ளர் என் கையில் இருந்தது. நீட்டியிருந்தால் போதும். நான் தூணைப் பார்த்தேன். எவ்வளவு அழகான தூண்.

"தாகமில்ல மதினி" என்று எழுந்து போனவன், பிக்குகள் வெட்டிவைத்த பாறைத்தொட்டியில் குனிந்து இரு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தான்.

மறுநாள் முதல் அவன் டப்பா வேறு மேஜையில் திறந்தது. மூன்று வாரம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கத் தாராவிக்கு நடந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் பாய் விரித்து உட்காரச் சொன்னான். அவன் மனைவி பளபளவென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வாங்கினேன். அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கி, தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன். காலியான பிறகுதான் என் கை செய்தது எனக்குத் தெரிந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருமே இப்படித்தான், அம்மா கையால் வாங்கினாலும் தூக்கித்தான் குடிப்போம் என்றேன். அத்தனையும் உண்மை. ஒன்றுக்கும் உதவாத உண்மை.

"தெரியும்வே" என்றான், சிரித்தபடி. "ஒரு சொட்டு சிந்தல பாத்தீரா. பொறந்ததுலேருந்து பழக்கம்லா."

கோபமாகப் பேசியிருந்தால் மன்னிப்பைச் சொல்லியிருப்பேன். அவன் மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். என் உதடே படாத அதை, பின்வாசலில் உட்கார்ந்து, சாம்பல் போட்டு நெடுநேரம் தேய்த்தாள். அந்தச் சத்தம் நிற்பதற்குள் நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.