மடை காத்த ஆட்டம்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி தேறிய கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் நூலகர். எதையும் நாளும் கிழமையும் போட்டுக் குறித்துவைப்பது வழக்கம். அதனால் என் குறிப்பேட்டில் உள்ளபடியே சொல்கிறேன்.

ஆனி மாத முதல் திங்களன்று, விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பி.டி. மேடத்தை முதல்வர் கூப்பிட்டார். "மூணு வருஷமா முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வர்றீங்க. இந்த வருஷமும் அப்படின்னா அந்தக் கோர்ட் பைக் ஸ்டாண்டுதாம்மா" என்றார். சொன்னதோடு விடவில்லை. புதனன்றே ஒருவர் வந்து கோர்ட்டின் ஒரு பாதியில் வண்டி நிறுத்த மஞ்சள் கோடுகள் அடித்துவிட்டுப் போனார்.

மேடத்துக்கு இருந்த ஒரே கொள்கை உயரம். "ஆட்டத்த நான் சொல்லிக் குடுத்துடுவேன் சார். உயரத்தச் சொல்லிக் குடுக்க முடியுமா?" என்பார். கைப்பையில் எப்போதும் ஒரு தையல் டேப் இருக்கும். கல்யாணப் பந்தியில் நெடுநெடுவென்று ஒரு பெண் தென்பட்டால் போதும், இலையில் பாயசம் காத்துக் கிடக்கும்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்கு மறுக்கத் தெரியாது. வியாழனன்று திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். பிளஸ் டூ முடித்த உயரமான பெண் ஒருத்தி அங்கே இருப்பதாகத் தகவல். நடவு நேரம், வயலில் இருக்கிறாள் என்றார்கள். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையில், கணுக்கால் சேற்றில் நின்றிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மண்வெட்டியோடு அவளுடைய சித்தப்பா. அவர் இடப்பக்கம் வந்தால் அவள் இடுப்பும் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நவுருடி, என் வயல் காயுது."

"எங்க முறை பதினோரு மணி வரைக்கும் சித்தப்பா. இன்னும் இருவது நிமிஷம் இருக்கு."

"ஒட்டகச்சிவிங்கிக்கு வாயப் பாரு!"

இந்தக் காட்சியை நான் எழுதிக்கொண்டிருந்தேன். மேடம் டேப்பை விரித்துக்கொண்டிருந்தார். ஐந்து அடி பத்து அங்குலம். சேற்றுக்குள் போனதையும் சேர்க்க வேண்டும் என்று என்னிடம் வாதாடிப் பதினொன்றாக எழுதவைத்தார்.

நாற்றுக்கட்டோடு வந்த அவள் அம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "தாராளமாக் கூட்டிக்கிட்டுப் போங்க. இந்த உயரத்துக்குக் குனிஞ்சு நட்டா எம்பொண்ணு இடுப்புதான் போவும்."

ஆடி முழுக்கப் பயிற்சி நடந்தது. நட்ட பனைமரம்போல நின்றாள் அந்தப் பெண். பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது அண்ணாந்து வேடிக்கை பார்ப்பாள். அதற்குள் வேளாங்கண்ணியிலிருந்து வந்த குட்டைக் கேப்டன் அவள் கைக்குக் கீழே புகுந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். "பாக்ஸ் அவுட்! பாக்ஸ் அவுட்!" என்று மேடம் தொண்டை கிழியக் கத்துவார். "உயரத்த வாங்கிட்டேன் சார், ஆள வாங்க மறந்துட்டேன்" என்று ஒருநாள் நூலகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆவணி இரண்டாம் செவ்வாய் மாலை, பொறுமை போய், கத்துவதை நிறுத்திவிட்டு மேடம் விளக்க ஆரம்பித்தார். "பந்தப் பாக்காதடி. மொதல்ல உன் ஆள முதுகுக்குப் பின்னால வச்சுக்க. அவ எந்தப் பக்கம் வந்தாலும் இடுப்பால மறி. பந்து தானா உன்கிட்ட வரும்."

அவள் இடுப்பை இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தாள். "மேடம், மடை காக்கிற மாதிரியா?"

"என்ன மடை?"

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்!"

அன்று அவளைத் தாண்டி ஒரு பந்தையும் கேப்டனால் எடுக்க முடியவில்லை. "செவுத்துல மோதுற மாதிரி இருக்கு சார்" என்று என்னிடம் வந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். நான் குறிப்பேட்டில் ஆனி மாதப் பக்கத்தைப் புரட்டி மேடத்திடம் நீட்டினேன். படித்துவிட்டு, "நீங்களாவது சொல்லியிருக்கலாமே சார்!" என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாளிலிருந்து கோர்ட்டில் ஆங்கிலம் ஒழிந்தது. "மடை!" என்றால் ஐந்து பேரும் முதுகைத் திருப்பினார்கள்.

புரட்டாசியில் முதல் ஆட்டம். எதிரணி நகரத்துக் கல்லூரி. குறுவை அறுப்பு முடிந்த கையோடு சித்தப்பாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசி அரை நிமிடத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். எதிரணிப் பெண் எறிந்த பந்து வளையத்தில் சுற்றி வெளியே தெறித்தது. "மடை!" என்றார் மேடம். நம் பெண்ணுக்குப் பின்னால் நின்றவள் இடமும் வலமும் முட்டிப் பார்த்தாள்.

"வீணா முட்டாதம்மா!" என்று சித்தப்பா எழுந்து கத்தினார். "பதினோரு மணி வரைக்கும் அவ விட மாட்டா! எனக்குத் தெரியும்!"

அவள் விடவில்லை. பந்து அவள் கைக்கு வந்தது, விசிலும் அடித்தது.

வெளியே தேநீர்க் கடையில் இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். "நான் கண்டுபிடிச்ச பொண்ணு" என்றார் மேடம். "ட்ரெயினிங் யாரு குடுத்தது? மூணு வருஷம், நெதம் காலையில!" என்றார் சித்தப்பா. பயிற்சியாளர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் என் குறிப்பேட்டில் அந்த வரியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

கோர்ட் பிழைத்தது. மஞ்சள் பெயிண்ட் மட்டும் எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இப்போது பெண்கள் பைக்குக்கு ஒருத்தியாக அந்தக் கட்டங்களில் நின்றுதான் மடை பழகுகிறார்கள்.

போன வாரம் மேடம் மறுபடி என் காரில் ஏறினார். கைப்பையில் டேப் இல்லை.

"எந்தப் பக்கம் போகணும் மேடம்?"

"கடைமடைப் பக்கம் விடுங்க சார். தண்ணித் தகராறு எங்க ஜாஸ்தின்னு விசாரிங்க."