உறுதிமொழியை யார் சொல்வது

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்தவர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது அலுவலக நாட்களிலேயே தொடங்கிய வழக்கம். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைத் தேதியும் கிழமையும் போட்டு டைரியில் எழுதிக்கொள்வேன். வருஷத்துக்கு வருஷம் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை.

"அம்மாவுக்கு வாடகை கொடுக்கிறதா காட்டலாமா ஆன்ட்டி?" என்று செம்பூரிலிருந்து வரும் மென்பொருள் பையன் கேட்பான். "காட்டலாம். ஆனா கொடுக்கணும்" என்பேன். சுனாபட்டியில் டியூஷன் எடுக்கும் பெண்ணுக்கு, கையில் காசாக வருவதற்கும் வரி உண்டா என்பது சந்தேகம். வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் இன்னொருத்தி, "அவங்கதான் டிடிஎஸ்னு வரியை முன்னாடியே பிடிச்சிட்டாங்களே, நான் எதுக்கு இன்னும் ஃபைல் பண்ணணும்?" என்பாள். "பிடிச்சது திரும்பி வரணும்னா கேட்டாத்தானே வரும்?" கல்வெட்டுகளைப் பற்றிப் படிப்பதில் எனக்கு விருப்பம் உண்டு. தறிக்கும் செக்குக்கும் இறை வாங்கிய காலத்தில் ஊர்ச் சபைக்கு முன் நின்றவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்டிருப்பார்கள் என்று தோன்றும்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்பார். தாராவியில் தோல் பை செய்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். யாரிடமும் மாதச் சம்பளம் வாங்கியவர் அல்ல. புதுப் பைகளுக்கு வடிவம் வரைந்து, முதல் மாதிரியைத் தானே வெட்டித் தைத்துக் கம்பெனிகளுக்குக் கொடுப்பார். கம்பெனி, டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைப் போடும். ஒருமுறை, வருஷா வருஷம் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டிய கட்டாய தர்மத்தைப் பற்றி அவர் கேட்டது டைரியில் இருக்கிறது.

"ஜக்காத்து கொடுத்ததக் கழிக்கலாமாக்கா?"

"வரிவிலக்கு உள்ள டிரஸ்டுக்குக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தா ஒரு பங்கு கழிக்கலாம்."

"ரசீது வாங்கினா கொடுத்த மாதிரியே இருக்காதுல்லா. விட்டுருங்க."

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எல்லாம் நிரப்பிய பிறகு, கடைசியில் வரும் உறுதிமொழியைத் தமிழில் சொல்லச் சொல்வார். எனக்குத் தெரிந்து வேறு யாரும் அதைப் படிப்பதில்லை. இதில் கண்டவை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை சரியானவை, முழுமையானவை என்று உளமார உறுதி கூறுகிறேன் என்று சொல்வேன். கண்ணை மூடிக் கேட்பார். பிறகு "பிஸ்மில்லா" என்று சொல்லிவிட்டுத் தன் போனுக்கு வந்த ஓடிபியை ஒவ்வோர் எண்ணாக வாசிப்பார்.

இந்த ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். மாதிரிப் பை ஒன்றைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சேதி தெரிந்ததே ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தம்பி வந்தபோதுதான். தம்பியும் அதே பட்டறையில் தைப்பவர். செருப்போடு வாசலிலேயே நின்றார்.

"அண்ணன் ரிட்டன் போடணும்க்கா. புள்ளைக்காக."

அந்தப் பிள்ளை அவருடைய ஒரே மகள். ப்ளஸ் டூ முடித்து பார்மசி கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணச் சலுகை இருந்தால்தான் சேர முடியும். சலுகைக்கு வருமானச் சான்று வேண்டும். சான்று கொடுக்கும் அலுவலகம், போன நிதியாண்டுக்குத் தகப்பனாருடைய ரிட்டர்னின் ஒப்புகைச் சீட்டைக் கேட்டது. அந்த நிதியாண்டு முழுவதும் அவர் உயிரோடு இருந்து சம்பாதித்திருக்கிறார். தாக்கல் செய்ய மட்டும் இல்லை. ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் கல்லூரிக்குச் சான்று போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மறுநாளே தாராவிக்குப் போனேன். கீழே பட்டறை, மேலே வீடு; இரண்டுக்கும் நடுவில் செங்குத்தான ஓர் இரும்பு ஏணி. மேல் அறையில் அவருடைய மனைவி இத்தா இருந்தார். கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. கொழுந்தனும் அந்தக் கணக்கில்தான் வருவார். அதனால் தம்பி கீழே தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்துப் பேசினார். நான் மேலே அந்த அம்மாளோடு உட்கார்ந்திருந்தேன். மகள் ஏணியின் மேல்படியில், இரண்டு பக்கமும் காது கொடுத்தபடி.

"அவியளோட போன் எங்க?" என்று நான் கேட்டேன். அவர்கள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த அம்மாள் மகளைப் பார்த்தார். பிறகு மகள் சொன்னாள். "நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வாப்பாவோட சாமானெல்லாம் கொடுத்தோம் ஆன்ட்டி. சட்டை, வாட்ச், செருப்பு. போனும்."

இறந்தவர் புழங்கியதை இல்லாதவருக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். போன், அவருக்குக் குழி வெட்டிய கபர்ஸ்தான் ஆளுக்குப் போயிருந்தது. சிம்மைக் கழற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வங்கி, ஆதார், வரித்துறை என்று அவர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான்.

"அதுக்கு ஒண்ணும் டென்ஷன் எடுக்காதீங்க" என்று கீழேயிருந்து தம்பி குரல் கொடுத்தார். "நம்மாளுதான். நம்பரு வந்தா வாசிச்சிருவாரு. அண்ணன் போட்ட மாதிரியே போட்டுருவோம். பாஸ்வேர்டு புள்ளைக்குத் தெரியும்."

இந்தக் கேள்வியும் எனக்குப் புதிதல்ல. இறந்தவருடைய போன் கையில் இருக்கிற வீடுகளில் அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். பலர் கேட்காமலேயே செய்துவிடுவதும் உண்டு. நான் சட்டத்தைச் சொன்னேன். இறந்தவருக்காக அவருடைய வாரிசுதான் தாக்கல் செய்யவேண்டும். மனைவி தன் பேரில் வரித்துறையின் தளத்தில் பதிந்து, இன்னாருக்குப் பிரதிநிதி என்று ஒப்புதல் வாங்க வேண்டும். இறப்புச் சான்று இருக்கிறது. மனைவியிடம் பான் கார்டும் இருக்கிறது. குடும்பத்தில் மிஞ்சியவர்கள் யார் யார் என்று வருவாய் அலுவலகம் தரும் சான்று மட்டும் இல்லை.

"அதான் லஃப்டா" என்றார் தம்பி. "நான் போய்க் கேட்டுட்டேன். பொஞ்சாதி நேர்ல வந்து கையெழுத்துப் போடணுங்கான். மதினி இத்தா முடிய ஆகஸ்டு கடைசி ஆயிரும். புள்ளையோட சீட்டு அதுவரைக்கும் நிக்குமா?"

"நிக்காது."

"அப்ப நீங்களே சொல்லுங்க. எங்கண்ணன் பேருல பொய் சொல்லணும்னு எனக்கென்ன ஆசையா? மதினி வாசப்படி தாண்டாண்டாம்னுதானே சொல்லுதேன்."

அவர் சொன்னதில் கள்ளம் இல்லை. அண்ணன் மனைவியின் இத்தா முறியக்கூடாது. அண்ணன் மகளின் இடம் போகக்கூடாது. இரண்டையும் காப்பாற்ற ஓர் ஆறிலக்க எண் போதும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். மேல் அறையில் இருந்தவர் விரித்திருந்த பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போது மகளின் கையில் இருந்த போன் அடித்தது. அவள் திரையைப் பார்த்தாள், எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். "வாப்பா" என்று இருந்தது.

தம்பி காலையிலேயே அந்த ஆளுக்குப் பேசி, இந்த நேரத்துக்கு வீட்டு நம்பருக்கு அடிக்கச் சொல்லியிருந்தாராம். அதை மறந்தும்போயிருந்தார். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மகள் அதைப் பாயில் வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஸலாம். தம்பி அடிக்கச் சொன்னாரு" என்றது முதிய குரல். "ஏதோ நம்பர் வருமாமே. எழுத்து வராது, நம்பர் படிச்சிருவேன்."

"இன்னும் வரலை" என்றேன். "இந்த போனுக்கு நிறையக் கால் வருதா?"

"வராம? லோனு வேணுமா, லோனு வேணுமான்னு தெனமும் ஒரு பொண்ணு. அவரு இருக்கிற எடத்துல ரூமுக்கு டிபாசிட்டு கேக்கிறதில்லம்மான்னு சொல்லிட்டேன்." சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "கம்பெனிக்காரங்களும் கூப்பிடுதாங்க. அவரு மவுத்தாயிட்டாரு, துவா செய்யுங்கன்னு சொல்லுதேன். எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. பாதிப் பேரு அழுதுட்டாங்க."

போனை வைத்தேன்.

"எல்லார்ட்டயும் சொல்லியாச்சாம்" என்றார் அந்த அம்மாள், முதல்முறையாக வாய் திறந்து. பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, கடைசியில ஒண்ணு வாசிப்பீங்களாமே. அவிய வந்து சொல்லுவாவ. இன்னிக்கு அக்கா நல்லா வாசிச்சாவன்னு. அது என்னது?"

சொன்னேன். உளமார உறுதி கூறுகிறேன் என்பதுவரை.

"அதுல யாரு சொல்லுதான்னு போட்டிருக்குமா?"

"போட்டிருக்கும். நானே எனக்காகச் சொல்றேன், இல்லேன்னா பிரதிநிதியாச் சொல்றேன். ரெண்டுல ஒண்ணு."

அந்த அம்மாள் பாயிலிருந்து கையை எடுத்தார். "அவிய இப்ப என்ன சொல்லுவாவன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். நாம எப்படி அவிய வாயால சொல்லுறது?"

"மதினி" என்றது கீழ்க்குரல். "அது கம்ப்யூட்டர்ல ஒரு டிக்கு. அவ்வளவுதான்."

"ஒங்க அண்ணன் அதுக்கு பிஸ்மி சொல்லுவாவளே."

தம்பி கேட்டார். "அப்ப புள்ள?"

இந்த இடத்தில் மகள் திரும்பினாள். அழுதிருந்தாள். "உம்மா, எனக்காக நீங்க வெளிய போகவேணாம். ஏக் சால், ஒரு வருஷம் கழிச்சு சேந்துக்குறேன்."

"சும்மா கெடட்டி" என்றார் தாய். "பள்ளிவாசல் ஹஜரத்துட்ட கேட்டுச் சொல்லுங்க கொழுந்தன். ஒரு பகல் போயிட்டு இருட்டுறதுக்குள்ள வந்தா என்னன்னு."

தம்பி கீழேயிருந்து சொன்னார்: "கேட்டுட்டேன் மதினி. போன வாரமே கேட்டுட்டேன். கட்டாயத் தேவைன்னா பகல்ல போலாம்னுட்டாரு. நாந்தான் சொல்லல. நீங்க வெளிய வரத என்னால பாக்க முடியாது."

வியாழக்கிழமை காலையில் வருவாய் அலுவலகத்துக்குப் போக டாக்ஸியை அவர்கள் சந்துக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே நிறுத்தினோம். இடைப்பட்ட தூரத்தை அந்த அம்மாள் நடந்துதான் ஆகவேண்டும். ஏணியில் இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் கால் தரையில் படுவது அன்றுதான். பட்டறையில் கணவருடைய மிஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அதைப் பார்க்காமல் கடந்தார். சந்தில் எதிர் பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெரியாமல் பார்த்துவிடக்கூடாது என்று ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மரியாதைக்காகச் சாத்திய கதவு அது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. தம்பி எங்களுக்கு வெகு முன்னால், திரும்பிப் பார்க்காமல், வழியில் நின்ற சைக்கிள்களை நகர்த்திக்கொண்டே போனார்.

அலுவலகத்தில் காத்திருந்த நேரம் முழுவதும் அந்த அம்மாள் பெஞ்சில் உட்காரவில்லை. சுவர் ஓரமாக நின்றார். எழுத்தர் ஒரு பெண். பர்தாவையும், என்னையும், இறப்புச் சான்றிலிருந்த தேதியையும் பார்த்துவிட்டு, வரிசையில் இருந்த இரண்டு பேரை நிறுத்தி எங்களை முதலில் கூப்பிட்டார். மராத்தியில் ஏதோ கேட்டார். மகள் இந்தியில் பதில் சொன்னாள். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனையும்.

திரும்பி வரும்போது சயான் பாலத்துக்குப் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "மழைக்காலம் வந்துட்டா?" என்று மட்டும் கேட்டார். மேல் அறையில் தகரக்கூரையில் விழும் சத்தம் கேட்டிருப்பார், பார்த்திருக்கவில்லை.

வாரிசுகளுக்கான சான்று வந்து, பிரதிநிதி என்ற ஒப்புதலும் வந்து, ரிட்டர்ன் போட்டபோது ஜூலை முடிய ஒரே நாள் இருந்தது. அந்த மேல் அறையில் மடிக்கணினியைப் பாயில் வைத்துக்கொண்டு போட்டோம். வரவுகள், பிடித்த டிடிஎஸ், திரும்பி வரவேண்டியது எல்லாவற்றையும் தம்பிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன். மார்ச்சில் ஒரு கம்பெனி கையில் கொடுத்த காசு எந்தத் தாளிலும் இல்லை. அதைத் தம்பியே கீழேயிருந்து சொன்னார். "அதையும் சேருங்கக்கா. அண்ணன் விடமாட்டாரு." சேர்த்தோம். சலுகையின் உச்சவரம்புக்குள்தான் நின்றது. அதைச் சொன்னதும் கீழே ஒரு பெருமூச்சு கேட்டது.

கடைசிப் பக்கம் வந்தது. "பிரதிநிதி" என்பதைத் தொட்டேன். உறுதிமொழியைத் தமிழில் சொன்னேன். இந்தமுறை அதில் ஒரு வரி கூடுதல்: இன்னாருக்குப் பிரதிநிதி என்ற நிலையில் இதைத் தாக்கல் செய்கிறேன், அதற்கு எனக்குத் தகுதி உண்டு. அவர் கண்ணை மூடிக் கேட்டார். பார்த்துக் கற்றதல்ல, கணவர் அப்படிக் கேட்பார் என்று நான் அவரிடம் சொன்னதும் இல்லை.

"பிஸ்மில்லா" என்றார். அவர் பேரில் பதிந்த புது எண்ணுக்கு வந்த ஓடிபியை மகள் வாசித்தாள்.

வருமானச் சான்று நேரத்துக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தா முடியும்வரை அந்த அம்மாள் மறுபடி ஏணி இறங்கவில்லை. அதெல்லாம் பிறகு. அன்று, ஒப்புகைச் சீட்டு வந்து நான் கணினியை மூடிக்கொண்டிருக்கையில் மகளின் போன் அடித்தது. திரையில் "வாப்பா". தளத்தில் இருந்த பழைய எண்ணுக்கும் சேதி போயிருக்க வேண்டும். அவள் உம்மாவைப் பார்த்தாள். பிறகு தானே எடுத்தாள்.

"ஏதோ மெசேஜ் வந்திருக்கும்மா. இங்கிலீஷ்ல" என்றது கபர்ஸ்தான் ஆளின் குரல். "நல்ல சேதிதானா? இல்ல, நான் போய் அவருட்டச் சொல்லணுமா?"

"நல்ல சேதிதான் மாமா" என்றாள் அவள். "போய்ச் சொல்லுங்க."